இளஞ்சிவப்புக் கூலன்றுக்குள் பச்சையை ஊற்றலாமா?

கேள்வி இதுதான்: ஜப்பானில் இருந்து வந்த ரொயோட்டா விற்ஸ், கூலன்ற் (எஞ்சின் சூட்டை ஆற்றும் திரவம்) போத்தலில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டது, உள்ளே இருப்பது இளஞ்சிவப்பு, பக்கத்துக் கடையில் பச்சையும் சிவப்பும்தான் உண்டு, எதை ஊற்றுவது?

இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். இன்றே நிரப்பியாக வேண்டுமென்றால் டிஸ்டில்ட் வோட்டர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஒரு போத்தல் வாங்கி, எஞ்சின் ஆறிய பிறகு, வாகனத்தின் அந்த வெள்ளைக் கூலன்ற் போத்தலுக்குள் மேல்க்கோடு வரை விடுங்கள். பற்றறிக் கடைகளில் கிடைக்கும். அதே கடையில் பற்றறி அசிற்றும் அதே மாதிரிப் போத்தலில் வைத்திருப்பார்கள், லேபலை வாசித்து வாங்குங்கள். அரை லீற்றர் நல்ல தண்ணீரால் கூலன்ற் கொஞ்சம் ஐதாகும், அவ்வளவுதான். இனம் தெரியாத கூலன்ற் அரை லீற்றர் போனால் என்ன நடக்குமென்று சொல்ல முடியாது.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். என்னுடையதும் விற்ஸ்தான். வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் திரும்பும்போது மாங்குளத்தில் ரேடியேற்றரின் கீழ்க் குழாய் ஒழுகத் தொடங்கியது. வழியில் ஒரு கராஜில் குழாயை மாற்றி, பச்சைக் கூலன்ற் ஒரு போத்தல் ஊற்றி, மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணீர் விட்டுத் தந்தார்கள். உரும்பிராய்க்கு ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகும் அளவு குறைந்தபோதெல்லாம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே விட்டேன். இங்கே உறையும் குளிர் இல்லையே, தண்ணீர் போதாதா என்று நினைத்தேன். எட்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை.

என் விற்ஸில் வெப்பநிலை முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவு மீறிச் சுட்டால் சிவப்பு விளக்கு, இடையில் எதுவும் தெரியாது. அந்தச் சிவப்பு ஆனையிறவில் எரிந்தது. ஒதுங்க நிழல் இல்லாத வெட்டை. அம்மாவும் கூட இருந்தா. ரேடியேற்றர் மூடியைத் தொடாமல் ஒரு மணித்தியாலம் நின்றதுதான் அன்று நான் செய்த ஒரே சரியான காரியம். சூட்டோடு திறந்தால், மூடி அடக்கி வைத்திருக்கும் அழுத்தம் விடுபட்ட கணத்திலேயே உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும்.

ரவுணுக்குள் ரேடியேற்றர் வேலை செய்பவர் மேல் தொட்டியின் நெளிப்பை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கழற்றிக் காட்டினார். அலுமினியக் குழாய்களின் வாயில் தேயிலைச் சாயம் போட்ட களி மாதிரி ஒன்று அப்பியிருந்தது. அதை விரலால் வழித்துவிட்டு, கீழே இருந்ததை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. "தம்பி, உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள பாக்கேல்லையோ? அதேதான் இது" என்றார்.

அதேதான். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, நாங்கள் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வரும் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளை, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இதில் ஜப்பான் வாகனக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்குக் கூலன்றுக்குள் என்ன இருக்கிறதென்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எல்லா நிறத்துக் கூலன்றிலும் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோலும் தண்ணீரும்தான். வித்தியாசம் துருத்தடுப்பு மருந்தில். பழைய வகைப் பச்சையில் சிலிக்கேற் போன்ற உப்புகள். அவை உலோகத்தில் உடனே படலம் போடும், ஆனால் இரண்டு வருடத்தில் சத்து முடிந்துவிடும். புதிய வகைகளில் கரிம அமிலங்கள், அவை மெதுவாக வேலை செய்து நீண்ட காலம் தாங்கும். ஜப்பான்காரர் கரிம அமிலத்தோடு பொஸ்பேற் சேர்ப்பார்கள், சிலிக்கேற்றைத் தவிர்ப்பார்கள். ஐரோப்பியர் நேர்மாறு, சிலிக்கேற் சேர்த்துப் பொஸ்பேற்றை ஒதுக்குவார்கள். அங்கேயும் பல இடங்களில் தண்ணீர் வன்மையானது, பொஸ்பேற் தண்ணீரின் கல்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும் என்பதே காரணம். அப்படியென்றால் உங்கள் இளஞ்சிவப்புக்குள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். சுண்ணாம்பும் படியும், மருந்தும் செலவாகும். வேறு கூலன்றைக் கலப்பதைவிட இதைத்தான் நான் பெரிய பிழை என்பேன். இங்கே அதிகம் நடப்பதும் இதுதான்.

நிறம் வெறும் சாயம். அதற்குப் பொது விதி கிடையாது. ரொயோட்டாவின் பழைய கூலன்ற் சிவப்பு, புதியது இளஞ்சிவப்பு. ஹொண்டா நீலம். நிசானின் பச்சையும் கடையில் மலிவாக விற்கும் பச்சையும் ஒன்றல்ல. வொக்ஸ்வாகனில் நீலப்பச்சையான ஜி11-ஐயும் சிவப்பான ஜி12-ஐயும் கலந்து மண்ணிறக் குழம்பு கண்டவர்கள் ஏராளம். ஆகவே போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கள். உங்களுக்கு வேண்டியது கரிம அமிலமும் பொஸ்பேற்றும் உள்ள, சிலிக்கேற் இல்லாத வகை. லேபலில் பி-ஹோட் (P-HOAT, அந்த வகையின் பெயர்) என்றோ, ரொயோட்டா சுப்பர் லோங் லைஃப் கூலன்றுக்கு ஒத்தது என்றோ இருந்தால் சரி. நிறம் மாறியிருந்தாலும் பரவாயில்லை. "எல்லா வாகனத்துக்கும்" என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன மருந்தென்று சொல்லாத போத்தலை நான் தொடுவதில்லை.

இரண்டையும் கண்ணாடிப் போத்தலில் கலந்து ஒரு இரவு வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். கலங்கினாலோ அடியில் படிந்தாலோ விட்டுவிடுங்கள். தெளிவாக இருந்தாலும் பொருத்தம் என்று அர்த்தமில்லை. தவறான கலவை பெரும்பாலும் களியாவதில்லை, மருந்தின் ஆயுளைத்தான் தின்னும். பத்து வருடம் தாங்க வேண்டிய தண்ணீர்ப் பம்பு அதற்கு முன்பே போகும்.

ஏற்கெனவே கலந்துவிட்டதென்றால் கழுவுங்கள். ஆறிய எஞ்சினில் வடித்து, டிஸ்டில்ட் வோட்டர் நிரப்பி, தேர்மோஸ்ராற் (எஞ்சின் சுட்டதும் கூலன்றை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டுத் திரும்ப வடியுங்கள். தெளிவாக வரும் வரை இப்படியே. ஒன்று கவனிக்க வேண்டும்: வடித்தாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் மிஞ்சும். முழுக் கொள்ளளவு 5 லீற்றரில் 3 மட்டும் வடிந்தால் 2 லீற்றர் தண்ணீர் உள்ளே நிற்கிறது. அதன் மேல் தண்ணீர் கலந்தே விற்கும் 50 வீதக் கூலன்றை ஊற்றினால் கடைசியில் 30 வீதம்தான் தேறும். கழுவிய பிறகு செறிவான கூலன்றை வாங்கி முதலில் இரண்டரை லீற்றர் விட்டு, மிச்சம் அரை லீற்றருக்கு டிஸ்டில்ட் வோட்டர் விட்டால் கணக்குச் சரி. உங்கள் வாகனத்தின் கொள்ளளவைக் கையேட்டில் பாருங்கள்.

உறையாத ஊரில் 50 வீதம் ஏன் என்று கேட்பார்கள். துருத்தடுப்புக்காக, அதோடு கொதிநிலைக்காகவும். 1.1 என்று அழுத்தம் குறித்த மூடி போட்ட ரேடியேற்றரில் வெறும் தண்ணீர் 120 பாகைக்குச் சற்று மேலே கொதிக்கும், பாதிக்குப் பாதிக் கலவை 130-ஐ நெருங்கும். மதிய வெயிலில் ஏசி போட்டு ஏ9 வீதியில் ஓடும்போது அந்த இடைவெளி வேண்டும்.

இனி உங்கள் வாகனத்துக்கு வருவோம். மூடிய தொகுதியில் கூலன்ற் சும்மா குறையாது, எங்கேயோ போகிறது. தண்ணீர்ப் பம்பின் அடியிலும் குழாய்க் கிளிப்புகளைச் சுற்றியும் டோர்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு இருந்தால் ஒழுக்கு அங்கேதான். வெளியே ஒன்றும் இல்லாமல் குறைந்துகொண்டே போனால் ஹெட் கஸ்கெற்றை (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதிக்கச் சொல்லுங்கள். வடித்த பழையதைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள், முற்றத்திலும் ஊற்றாதீர்கள். அது இனிக்கும் நஞ்சு. குழந்தையோ நாயோ வாய் வைத்தால் சிறுநீரகம் போகும், மண்ணில் விட்டால் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். மூடியுள்ள கானில் அடைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.