பெல்ட் ஜாயின்ட்டுக்கு எந்த பிரஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கன்வேயர் பெல்ட்டின் இரு முனைகளை ரப்பர் வைத்து ஒட்டி, சூடும் அழுத்தமும் கொடுத்து வேக வைத்து இணைக்கும் பிரஸ் பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: சுண்ணாம்புக்கல் லைனில் 1000 மி.மீ. அகல, நான்கு பிளை (துணி அடுக்கு) ஈ.பி. (பாலியஸ்டர்-நைலான் துணி) பெல்ட் ஓடுகிறது. என்ன அளவு பிளேட்டன் (பெல்ட்டை மேலும் கீழும் அழுத்திச் சூடாக்கும் தட்டு) வாங்கலாம்?

பெல்ட் அகலத்தை மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள். பிளேட்டன் நீளத்தை முடிவு செய்வது ஜாயின்ட் நீளம். பிளைகளைப் படிக்கட்டு போல வெட்டிப் பொருத்துவதால், நான்கு பிளை என்றால் மூன்று படி. பெல்ட் கம்பெனி சொல்லும் படி நீளம் 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 750 மி.மீ. ஆகிறது. சாய்வெட்டு (ஜாயின்ட்டை அகலவாக்கில் நேராக அல்லாமல் சாய்வாக வெட்டுவது) அகலத்தில் 0.3 பங்கு, அதாவது 300 மி.மீ. ஆக ஜாயின்ட் 1050. இரு முனையிலும் பிளேட்டன் குறைந்தது 100 மி.மீ. தாண்டி நிற்க வேண்டும். கவர் (பெல்ட்டின் மேல், கீழ் ரப்பர் உறை) நிரப்புப் பட்டைகளும் இதற்குள் அடங்க வேண்டும். எனவே செவ்வகப் பிளேட்டன் என்றால் 1250 முதல் 1300 வரை வேண்டும். பிளேட்டனே சாய்வாக வெட்டியிருந்தால் அந்த 300 மிச்சம். 950 முதல் 1000 போதும். அகலவாக்கில் எட்ஜ் அயனுக்கு (பெல்ட்டின் இரு ஓரத்திலும் வைக்கும் இரும்புப் பட்டை) பக்கத்துக்கு 100 சேர்த்து 1200.

சாய்வுப் பிளேட்டன் வாங்குபவர்கள் கோணத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். 0.3 சாய்வு என்பது 16.7 டிகிரி. சந்தையில் 22 டிகிரிப் பிளேட்டன்களும் உண்டு. 16.7-இல் வெட்டிய ஜாயின்ட்டை 22-இல் வைத்தால் 1000 மி.மீ. அகலத்தில் சுமார் 100 மி.மீ. விலகல் வரும். நீங்கள் விட்ட ஓரம் ஒரு மூலையில் அப்படியே போய்விடும். அந்த மூலை வேகாது. பிறகு முதலில் உரிவதும் அதுதான்.

கேள்வி: போல்ட்டை ஸ்பேனரால் முறுக்கும் பழைய மாதிரி பிரஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறது. போதாதா?

குறுகிய பெல்ட்டுக்கு ஒப்பேற்றலாம். 800 மி.மீ.க்கு மேல் வேண்டாம். போல்ட் இருப்பது பீமின் (பிளேட்டனுக்குக் குறுக்கே நின்று அழுத்தும் உத்திரம்) இரு நுனியில். முறுக்க முறுக்க பீம் வளைந்து, பெல்ட்டின் நடுவில் அழுத்தம் குறையும். பிரஷர் பேக் (காற்றோ தண்ணீரோ நிரப்பி அழுத்தும் பை) வைத்த பிரஸ்ஸில் பீம் கொஞ்சம் வளைந்தாலும் பேக் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும்.

எவ்வளவு சுமை என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1200 × 950 மி.மீ. பிளேட்டன் 11,400 சதுர செ.மீ. துணி பெல்ட்டுக்கு வழக்கமான 7 கிலோ/செ.மீ.² கொடுத்தால் கிட்டத்தட்ட 80 டன். ஆறு ஜோடி பீம், 12 போல்ட் என்றால் ஒரு போல்ட்டுக்கு ஆறரை டன்னுக்கு மேல். ஸ்டீல் கார்டு (துணிக்குப் பதில் எஃகுக் கம்பிக் கயிறு வைத்த) பெல்ட்டுக்கு 10 முதல் 14 கிலோ தேவை. 12 கிலோ என்று எடுத்தாலே 137 டன். துணி பெல்ட்டுக்கு வாங்கிய பிரஸ்ஸில் கேஜை மட்டும் ஏற்றி ஸ்டீல் கார்டு ஜாயின்ட் போடுவது உயிரோடு விளையாடுவது.

இன்னொன்று: கேஜ் காட்டுவது பேக்கின் அழுத்தம், பெல்ட்டின் அழுத்தம் அல்ல. இதே பிளேட்டனுக்கு 1100 × 850 பேக் கொடுத்திருந்தால் பரப்பு 82 சதவீதம்தான். கேஜில் 7 நின்றாலும் பிளேட்டனில் சராசரி 5.7, ஓரங்களில் அதைவிடக் குறைவு. விலைப்புள்ளி கேட்கும்போது "பிளேட்டன் முகப்பில் இத்தனை கிலோ" என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: பேக்குக்குக் காற்றா, தண்ணீரா?

தண்ணீர். அமுங்கிய காற்று வெடித்தால் ஆளைக் கொல்லும். தண்ணீர் பேக் கிழிந்தால் பெரும்பாலும் பீறிட்டு அழுத்தம் உடனே இறங்கிவிடும். எதுவானாலும் பீமுக்குள் பூட்டாமல் பேக்கை நிரப்பிப் பார்க்கக் கூடாது.

கேள்வி: பிரஸ் புதியது. ஆனாலும் 145 டிகிரி வர மூன்று மணி நேரம் ஆகிறது. ஒரு மூலை எப்போதும் குறைவாகக் காட்டுகிறது.

முதலில் வோல்டேஜ். மேலே சொன்ன பிளேட்டன் ஜோடி ஒரு சதுர மீட்டருக்கு 8 கிலோவாட் என்றால் சுமார் 18 கிலோவாட் இழுக்கும். 415 வோல்ட்டில் 25 ஆம்பியர். நீளமான, மெல்லிய கேபிளில் கன்வேயர் கேலரியின் கடைசி வரை கொண்டுபோனால் பிரஸ் முனையில் 360 வோல்ட் வருவது சாதாரணம். ஹீட்டர் பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது; அதனால் கால் பங்கு பவர் போய்விடும். லோடு ஓடும்போது பிரஸ் டெர்மினலிலேயே அளந்து பாருங்கள். மூன்று பேஸிலும் கரன்ட் சமமாக இல்லையென்றால் ஒரு ஹீட்டர் செத்திருக்கிறது.

மூலை குறைவு என்று எதில் பார்த்தீர்கள்? இன்ஃப்ராரெட் கன் என்றால் நம்பாதீர்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்தே காட்டும். தொட்டு அளக்கும் புரோபால் ஒவ்வொரு பிளேட்டனிலும் ஒன்பது இடத்தில் எடுங்கள். 5 டிகிரிக்கு மேல் ஏறி இறங்கினால் விற்றவரிடம் திருப்பிக் கேட்கலாம். குயூரிங் (ரப்பர் வேகும்) நேரத்தை எண்ணத் தொடங்குவது மேல், கீழ் இரண்டு பிளேட்டனும் வெப்பநிலைக்கு வந்த பிறகுதான்.

கேள்வி: ஜாயின்ட்டில் கொப்புளம் வருகிறது. பிரஸ் கோளாறா?

பாதி நேரம் பிரஸ், பாதி நேரம் கை. பிளையில் ஈரம் இருந்தாலோ, சொல்யூஷன் (ரப்பர் பசை) காயாமல் மூடினாலோ 100 டிகிரி தாண்டும்போது ஆவி கிளம்பும். அதற்கு முன்பே முழு அழுத்தம் ஏறியிருந்தால் ஆவி அடங்கிக் கிடக்கும். கேஜ் நடுவில் இறங்கினால் கவர் கடற்பஞ்சாகிவிடும். மழைக்காலத்தில் சொல்யூஷன் பூசும் முன் பிளையை லேசாகச் சூடாக்கி உலர்த்துங்கள்.

ஓரத்தில் மட்டும் துளைகள் என்றால் எட்ஜ் அயனைப் பாருங்கள். அது பெல்ட் கனத்தைவிட 0.5 முதல் 1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் அழுத்தத்தை இரும்பே தாங்கிக்கொள்ளும். மிகக் குறைந்தால் ரப்பர் பிதுங்கி வெளியேறும்.

சூடாக இருக்கும்போதே அழுத்தத்தை இறக்குவதும் கொப்புளம் தரும். 70 டிகிரிக்குக் கீழே வரும் வரை பிடித்து வையுங்கள். காற்றில் ஆற விட்டால் மணிக்கணக்கில் ஆகும். பிளேட்டனுக்குள் தண்ணீர் ஓடும் பிரஸ்ஸில் 15, 20 நிமிடம். லைன் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு என்றால், கூலிங் வாட்டர் வசதிக்குத் தரும் கூடுதல் விலையை யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: எஸ்.டி. 3150 (மி.மீ. அகலத்துக்கு 3150 நியூட்டன் வலிமை) ஸ்டீல் கார்டு பெல்ட். ஜாயின்ட் 1650 மி.மீ. எங்கள் பிளேட்டன் 1200. இரண்டு தடவை வேக வைக்கலாமா?

முடியும், ஆனால் கடைசி வழி. பிளேட்டன் முடியும் இடத்தில் வெளியே நீட்டி நிற்கும் பச்சை (வேகாத) ரப்பருக்கும் சூடு பரவும். அரைவேக்காடான ரப்பர் அடுத்த தடவை சரியாக ஒட்டாது. நுனியில் குளிர்ப் பகுதி உள்ள பிளேட்டன் இருந்து, இரண்டாவது தடவை முதல் பகுதியின் மேல் 150 மி.மீ. ஏற்றி வைத்தால் செய்யலாம். அதைவிட, அதே அளவு இன்னொரு செட்டை வாடகைக்கு எடுத்து, பக்கத்தில் ஒட்டி வைத்து ஒரே சூட்டில் முடிப்பது நல்லது. இரு பிளேட்டன் சேரும் கோட்டில் மட்டும் வெப்பநிலையைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: பழைய பிரஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

ஹீட்டரை மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்; ஒரு மெகோமுக்குக் கீழே என்றால் ஈரம் இறங்கியிருக்கிறது. பிளேட்டன் மேல் நேர்ச்சட்டம் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பெல்ட் துண்டை வைத்து முழுதாகப் பூட்டி, வேலை அழுத்தத்தில் அரை மணி நேரம் விடுங்கள். கேஜ் முள் அசையக் கூடாது. போல்ட் மரை தேய்ந்திருந்தால் எல்லா போல்ட்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒன்றிரண்டை மட்டும் உள்ளூர் லேத்தில் கடைந்து போடுவது வேண்டாம். என்ன கம்பியில் கடைந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.