கவிதைக் கேள்வி–பதில்: பதினேழு எதைக் கணக்கிட்டு?

கேள்வி: ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதிப் பழகுகிறேன். ‘தி ஜென்டில் ரெய்ன்ட்ராப்ஸ் / ஆர் ஃபாலிங் வெரி சாஃப்ட்லி / ஆன் தி ஓல்ட் டின் ரூஃப்.’ அடிக்கு 5-7-5 சிலபிள் (ஒலியசை) என்ற கணக்கு பிசகவில்லை. ஆனாலும் ‘சொல் அதிகம்’ என்று ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. பதினேழே சிலபிள் அதிகமா?

பதில்: அதிகம்தான். ஜப்பானியர் எண்ணுவது ‘ஓன்’. அது ஆங்கில சிலபிளைவிடச் சிறியது. ‘நிப்பொன்’ ஆங்கிலக் காதுக்கு இரண்டு சிலபிள். ஜப்பானியக் கணக்கில் நி-ப்-பொ-ன் என நான்கு ஓன். ஒற்றுகூட அங்கே தனியாக எண்ணப்படும். நெடில் வந்தால் இரண்டு. ஆங்கிலத்திலோ ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ முழுவதும் ஒரே சிலபிள்!

ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையை (1686) எண்ணிப் பாருங்கள்: ஃபு-ரு-இ-கெ-ய / க-வ-ஸு-தொ-பி-கொ-மு / மி-ஸு-னொ-ஒ-தொ. பழைய குளம், தவளை குதிக்கிறது, நீரோசை. பதினேழு ஓனில் இவ்வளவுதான் அடங்கும். இதை ஆங்கிலத்தில் சொல்லப் பன்னிரண்டு சிலபிளே தாராளம். அதனால்தான் இன்று பலரும் 10 முதல் 14க்குள் முடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வரிகளில் ‘ஜென்டில்’, ‘சாஃப்ட்லி’ இரண்டும் சொல்வது ஒன்றையே. ‘வெரி’ வெறும் நிரப்பல். மழை என்றாலே விழுவதுதானே, ‘ஆர் ஃபாலிங்’ எதற்கு? இவற்றை எடுத்துவிட்டால் ‘ரெய்ன்ட்ராப்ஸ் ஆன் தி ஓல்ட் டின் ரூஃப்’ என ஏழு சிலபிள் மிஞ்சும். பதினேழில் பத்து, எண்ணிக்கைக்காகவே வந்தவை.

மிஞ்சியதும் ஒரே காட்சி. பாஷோ முதலடியின் கடைசியில் வைத்த ‘ய’ ஒரு கிரெஜி, அதாவது வெட்டுச்சொல்; குளத்தை நிறுத்திவிட்டுத் தவளைக்கு இடம் விடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைக் கோடோ வரி முறிவோ செய்யும். பருவச்சொல்லான கிகோவும் உங்களிடம் இல்லை: எந்தக் காலத்து மழை? இப்படி மாற்றலாம்: ‘ஆட்டம் ரெய்ன் / ஆன் தி ஓல்ட் டின் ரூஃப் — / தி கேட்ஸ் எம்ப்டி பௌல்’ (பூனையின் காலிக் கிண்ணம்). 3-5-5, மொத்தம் பதின்மூன்று. பூனை எங்கே என்று கவிதை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

கேள்வி: சென்ரியு என்பது பருவச்சொல் இல்லாத ஹைக்கூவா?

பதில்: அது மட்டுமல்ல. அளவு அதே 5-7-5தான். ஆனால் கிகோவும் கிரெஜியும் கட்டாயமில்லை, பார்வை மனிதரின் பலவீனங்கள் மீது. பெயர் ஜப்பானியக் கவிஞர் கராய் சென்ரியுவிடமிருந்து (1718–1790) வந்தது. அவர் தேர்ந்தெடுத்த பாடல்களின் முதல் தொகுதி 1765இல் வெளியானது. ஆங்கிலத்தில் பருவச்சொல்லை வைத்து மட்டும் பிரித்தால் தடுமாறுவீர்கள். பனியும் வந்து, மாமியாரின் பாசாங்கும் வந்தால், கவிதையின் கனம் எதன் மீது விழுகிறது என்று பாருங்கள். பாசாங்கின் மீதென்றால் அது சென்ரியு.