எழுபது மணி நேரம் உழைக்கச் சொல்கிறார்களே, என் மகன் தாங்குவானா?

கேள்வி: மகனுக்கு கேம்பஸில் சென்னை ஐடி கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வாரம் 70 மணி நேரம் உழைத்தால்தான் மேலே வர முடியும் என்று என் தம்பி சொல்கிறார். பையன் ஒல்லி, அடிக்கடி தலைவலி வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க வைக்கலாமா?

பதில்: அம்மா, இந்த ஒரு காரணத்துக்காக வேலையை விட வேண்டாம். உங்கள் தம்பி சொல்வது 2023-இல், இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னது. எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 மணி நேரமாக்கி, ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டார். கம்பெனியைத் தொடங்கியவர் ராப்பகலாக உழைத்தால் அதன் லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு. உங்கள் பையன் வாங்கப்போவது மாதச் சம்பளம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. ஓவர்டைமையும் சேர்த்து 54-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். ஐடி அலுவலகங்களில் ஓவர்டைம் சம்பளம் வாங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அது வேறு கதை. ஆனால் எல்லை எங்கே என்பது பையனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் பார்ப்பவர்களை விடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னார்கள். இது வழக்கமாகவே அப்படி ஓடுகிறவர்களின் கணக்கு. மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் சமயத்தில் இரண்டு வாரம் கண்விழிப்பதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

அதிக நேரம் உட்கார்ந்தால் அதிக வேலை நடக்கும் என்பதும் உண்மையில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனில் வெடிமருந்து ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பழைய கணக்குகளை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் பென்கவல் எடுத்துப் பார்த்தார். 70 மணி நேரம் உழைத்தவர்கள் 56 மணி நேரம் உழைத்தவர்களை விடப் பெரிதாக எதையும் கூடுதலாகச் செய்துவிடவில்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன் நிலைமை இன்னும் மோசம். தூக்கக் கலக்கத்தில் எழுதியதை மறுநாள் பாதி நாள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும்.

நான் பார்க்கும் பிள்ளைகளைக் களைக்க வைப்பது பெரும்பாலும் வேலையின் அளவு அல்ல, அது நாள் முழுக்கச் சிதறிக் கிடப்பதுதான். காலை பத்து மணிக்கு வாசலில் கார்டை ஸ்வைப் செய்து உள்ளே போவான். மதியம் வரை மீட்டிங். சாயங்காலம்தான் உருப்படியான வேலை தொடங்கும். இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு ஃபோன் கால். அங்கே அப்போதுதான் பகல். பெருங்களத்தூரிலிருந்து சிறுசேரி ஐடி பார்க்குக்குப் போய்வரும் நேரத்தை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை. அதனால் அறை எடுக்கும்போது இரண்டாயிரம் ரூபாய் வாடகை கூடினாலும் அலுவலகத்துக்குப் பக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் வாரம் 45 முதல் 50 மணி நேரம் நியாயம். வேலை கற்கிற காலம், கொஞ்சம் கூடத்தான் ஆகும். மூன்று மாதம் தொடர்ந்து 55-ஐத் தாண்டினால், டீம் லீடிடம் வேறு புராஜெக்ட் கேட்கலாம். வாயால் சொன்னால் எடுபடாது. ஸ்வைப் நேரத்தையும் இரவு ஃபோன் கால்களையும் குறித்து வைத்துக்கொண்டு பேசட்டும்.

சேருவதற்கு முன்னால் ஆஃபர் லெட்டரில் ஷிஃப்ட், பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம்), நோட்டீஸ் பீரியட் (வேலையை விட எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது) மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள். அதே கம்பெனியில் இருக்கும் கல்லூரி சீனியரிடம், “சனிக்கிழமை லேப்டாப்பைத் திறப்பீங்களா? லீவு நாள்ல வேலை பார்த்தா அதுக்குப் பதிலா காம்ப்-ஆஃப் லீவு கேட்டா கொடுக்கிறாங்களா?” என்று கேட்கட்டும். ஹெச்ஆரிடம் கேட்டால் அழகான பதில்தான் வரும்.

தலைவலிக்கு முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். டிஎன்பிஎஸ்சி எழுத அவனுக்கே ஆசை இருந்தால் அதைத் தனியாகப் பேசுவோம். அடுத்த முறை அவனையே எழுதச் சொல்லுங்கள்.