கிட்டங்கிச் சுவரில் உப்பு பூக்கிறது, சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுனில், பெங்காலான் வெல்ட் கடலோரச் சாலைப் பக்கத்தில் தாத்தா காலத்துக் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஒன்று எங்களிடம் இருக்கிறது. கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரம் வரை பூச்சு உப்பி உதிர்கிறது, வெள்ளைத் தூளும் படிகிறது. சுரண்டிவிட்டு நீர்புகா சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தால் தீரும் என்கிறார் காண்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கொஞ்ச நாள் சுவர் பளிச்சென்று இருக்கும். தொல்லை அப்புறம்தான்.

ஒரு காலத்தில் கரை லெபோ பந்தாய் தெருவோடு முடிந்தது. உங்கள் கிட்டங்கி நிற்பது 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில். கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் வரும். அந்தக் காலக் கட்டடங்களின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் பெரும்பாலும் இருக்காது. அதனால் செங்கல் அந்த நீரை உறிஞ்சி மேலே இழுக்கிறது. நீர் சுவரின் முகப்பில் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். அந்தப் படிகம் வளரும் அழுத்தத்தில்தான் பூச்சு வெடிக்கிறது.

சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் வெளியேற வழி உண்டு. சிமெண்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறும். மாடியைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் செருகியிருக்கின்றன, பாருங்கள், அங்கே போய்ச் சேரும். எனக்குப் பயமே அதுதான். பூச்சு உதிர்ந்தால் திரும்பப் பூசலாம், உத்தரம் உளுத்தால் மாடியே ஆபத்து.

முதலில் சுவரைச் சோதியுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாவி முனையால் கீறுங்கள். வெளுப்பாக, மாவு போல உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சாந்து. சிப்பித் துணுக்குகள்கூடத் தென்படலாம். சாம்பல் நிறத்தில் கெட்டியாக, கீறலே விழாமல் இருந்தால் முன்பே யாரோ சிமெண்ட் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து தண்ணீர். கூரைக் குழாய், பின்கட்டுச் சாக்கடை, அஞ்சடியின் (கட்டட முகப்பில் உள்ள கூரையிட்ட நடைபாதை) ஓரம் எல்லாவற்றையும் பார்த்துக் கசிவை நிறுத்துங்கள். பிறகு ஈரக்கறைக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சை எடுத்துவிட்டு, சுவரைச் சில மாதங்கள் காயவிட வேண்டும். நம் ஊர் மழைக்கு அவசரப்பட முடியாது. பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

பூச்சுக்கு, நன்றாக ஊறி முதிர்ந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத கழுவிய மணல் மூன்று பங்கு. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கு போட்டுப் பாதுகாக்க வேண்டும். சிலர் கருப்பட்டி சேர்க்கச் சொல்வார்கள். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் இந்தியக் கைதிகள் பூசிய மெட்ராஸ் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்தார்கள். அது வழவழப்பான அலங்காரப் பூச்சு, கிட்டங்கிக்குத் தேவையில்லை. மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம்.

சில வருஷம் கழித்து இந்தப் பூச்சும் உதிரலாம். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பதுதான் அதன் வேலை, அதனால் மனம் தளராதீர்கள்.

ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, உங்கள் பகுதியும் அதற்குள் வருகிறது. எனவே பூச்சை உடைக்கும் முன்பே மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் அனுமதி கேளுங்கள். காண்ட்ராக்டரின் கொட்டேஷனில் 'சாந்தில் சிமெண்ட் கலக்கக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு சட்டி சிமெண்ட் போடுகிற பழக்கம் பல கொத்தனார்களிடம் இருக்கிறது.