அப்பாவுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து குடியை நிறுத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சம்மதமும் டாக்டர் மேற்பார்வையும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

பல வருஷம் தினமும் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். முதலில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 3-வது நாள் வாக்கில் சிலருக்கு இல்லாத ஆட்களெல்லாம் கண்ணுக்குத் தெரிவார்கள். அதனால் மருத்துவமனையில் சேர்த்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்தே நிறுத்த வைப்பார்கள்.

பிறகு கவுன்சலிங், ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழுவின் கூட்டங்கள் (கட்டணம் கிடையாது), தேவைப்பட்டால் குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர்தான் ரொம்ப நொந்து போயிருப்பார்.