எடிட்டிங் மென்பொருளில் புது வசதி வந்தால் நல்லதுதானே, தொழில்முறை வீடியோ எடிட்டர்கள் ஏன் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புலம்புகிறார்கள்?

புது வசதி வந்தால் யாரும் புலம்புவதில்லை. பேச்சைத் தானாக எழுத்தாக்கித் தரும் வசதி வந்தபோது எடிட்டர்கள் பலர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு அதன் இடத்தில் புதியதைத் திணிக்கும்போதுதான் கோபம் வருகிறது.

முதலில் கைப்பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும்போது கண் திரையில் நடிகரின் முகத்தில் இருக்கும், விசைப்பலகைப் பக்கம் போகாது. ஜே பின்னால் ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னால் ஓட்டும்; எல் விசையை இன்னொரு தடவை தட்டினால் வேகம் கூடும். ஐ தட்டினால் வேண்டிய துண்டின் தொடக்கம், ஓ தட்டினால் முடிவு. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வாய் திறக்கும்வரை உள்ள மௌனத்தில் இரண்டு ஃபிரேம் குறைப்பதா, விடுவதா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து ஷாட்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிம் கருவி வேறு மூலைக்குக் குடிபோயிருந்தால், அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தக் கணக்கு கலைந்துவிடும். திரும்ப நாலு ஷாட் பின்னால் போய் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளியே இருப்பவருக்கு "ஒரு பட்டன் இடம் மாறியதற்கா இந்தக் கூப்பாடு?" என்றுதான் தோன்றும். போகட்டும், கை கொஞ்ச நாளில் பழகிவிடும்.

பழகித் தீராத மாற்றங்களும் உண்டு. எல்லோரும் சொல்லும் உதாரணம் 2011 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட எடிட்டிங் மென்பொருள், ஃபைனல் கட் புரோ டென். அதற்கு முந்தைய ஃபைனல் கட் புரோ 7-இல் பெரிய படங்களே எடிட் ஆகிக்கொண்டிருந்தன. புதியது அடியிலிருந்து மாற்றி எழுதப்பட்டது. வேகமாக ஓடியது, 64 பிட், எஃபெக்ட் போட்ட காட்சி பின்னணியிலேயே ரெண்டர் ஆகித் தயாராகும், எல்லாம் சரி. ஆனால் 7-இல் செய்த புராஜெக்ட்டைத் திறக்காது. பல கேமராவில் எடுத்ததை ஒன்றாக ஓட்டி வெட்டும் மல்டிகேம் இல்லை. எந்த ஷாட் எங்கே வெட்டப்பட்டது என்பதை வேறு மென்பொருளுக்குச் சொல்லும் எக்ஸ்எம்எல், ஈடிஎல் ஃபைல்களை வெளியே எடுக்க முடியாது. போதாக்குறைக்கு படத்தையும் ஒலியையும் தனித்தனி வரிசையாக அடுக்கும் டிராக்குகளையே தூக்கிவிட்டார்கள்.

டிராக் போனதில் என்ன வந்தது என்று கேட்கலாம். வசனம் மேலே, எஃபெக்ட்ஸ் அதற்குக் கீழே, இசை கடைசியில் என்று அடுக்கி வைப்பது எடிட்டரின் சௌகரியத்துக்காக மட்டும் இல்லை. அப்படி அடுக்கிய டைம்லைன் அப்படியே சவுண்ட் மிக்ஸ் செய்பவரிடம் போகும், கட் விவரம் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட்டிடம் போகும். எடிட்டருக்குப் பின்னால் இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது வெளியே அனுப்பும் வாசலை அடைத்தால், அவர்கள் எல்லோருடைய வேலையும் நிற்கும். வீட்டு வீடியோவுக்கான ஆப்பிளின் ஐமூவியோடு ஒப்பிட்டு, ஐமூவி புரோ என்று அப்போது கிண்டல் செய்தது கொஞ்சம் ஓவர்தான், ஆனால் காரணமில்லாத கிண்டல் இல்லை.

இதில் நான் மன்னிக்காதது ஒன்றுதான். புதியது வந்த கையோடு பழையதன் விற்பனையை நிறுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு மறுபடி கொஞ்ச காலம் விற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்எம்எல் வந்தது, 2012 ஜனவரியில் மல்டிகேம் வந்தது. இன்றைக்கு அது நல்ல மென்பொருள். காந்தம் போல ஒட்டும் அந்த டைம்லைன் பிடித்துப்போய் அதைவிட்டு வர மாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள். பழையதையும் இரண்டு வருடம் கூடவே விற்றிருந்தால் இத்தனை பேர் போட்டி மென்பொருள்களான அடோபியின் பிரீமியருக்கும் அவிட்டுக்கும் ஓடியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிரீமியர் பக்கம் போனவர்களுக்கு வேறு விதமாக வந்தது. 2013-இல் அடோபி இனிமேல் சந்தா மட்டும்தான் என்றது. 2019-இல், கடைசி இரண்டு பெரிய பதிப்புகளைத்தான் இனி டவுன்லோடு செய்ய முடியும் என்றும் சொன்னது. புதிய பதிப்பில் சேமித்த பிரீமியர் புராஜெக்ட்டைப் பழைய பதிப்பு நேரடியாகத் திறக்காது. கூட வேலை செய்பவர் ஒருவர் தெரியாமல் அப்டேட் போட்டுவிட்டால் போதும், மற்றவர்களும் அவர் பின்னால் போயாக வேண்டும். 2022-இல் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டையும் தனித்தனிப் பக்கமாக்கினார்கள். எடுத்துவந்த காட்சிகளை, அதாவது ஃபூட்டேஜை, முறையாக ஃபோல்டர் போட்டு வைத்திருப்பவருக்கு ஒரு திரை நிறைய சின்னச் சின்னப் படங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவருக்கு அது உதவியாக இருக்கலாம், மறுக்கவில்லை. அவரை மனதில் வைத்துச் செய்த மாற்றம் என்பதுதான் எங்கள் குறையே.

அதனால் ஒரு வேலை பாதியில் இருக்கும்போது நான் எதையும் அப்டேட் செய்வதில்லை, ஆபரேட்டிங் சிஸ்டம் உட்பட. தானியங்கி அப்டேட்டை முதல் வேலையாக அணைத்துவிடுவேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் என்றால் பெரிய பதிப்பு மாறும் முன், புராஜெக்ட்டுகள் இருக்கும் டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிட வேண்டும். புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டால் பழைய பதிப்பில் அது திறக்காது. வேலை முடிந்ததும் புராஜெக்ட்டோடு ஒரு எக்ஸ்எம்எல், முடிந்த வீடியோவின் ஒரு முழு மாஸ்டர் ஃபைல், முடிந்தால் இன்ஸ்டாலரையும் அதே டிஸ்க்கில் போட்டு வையுங்கள். புதிய பதிப்பை அடுத்த வேலை வருவதற்கு முன், யாருக்கும் கொடுக்க வேண்டியிராத ஃபூட்டேஜில் ஓட்டிப் பார்த்தால் போதும்.