குழந்தை நல மருத்துவர் இல்லாத நேரத்தில் உயிருக்குப் போராடும் குழந்தை வந்தால் சமாளிக்க, அவசர சிகிச்சைப் பிரிவு எப்படித் தயாராக வேண்டும்?

உங்கள் பிரிவுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து குழந்தைகளே வருகிறார்கள், பெரும்பாலும் காய்ச்சலும் வாந்தியும்தான், இரவில் குழந்தை நல மருத்துவர் கிடையாது, இந்த நிலையில் முதலில் எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பொதுவான ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கருவிப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஓர் ஆளை நியமியுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட இரவு இன்னும் மனத்தில் இருக்கிறது. ஏழு மாதக் குழந்தை, மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்து வந்தது. எங்களிடம் எல்லாமே இருந்தது. கைக்குழந்தைக்கான மூச்சுப் பையும் மாஸ்க்கும் இருந்தன, பூட்டிய அலமாரிக்குள். சாவி பகல் ஷிஃப்ட் பொறுப்பாளருடன் வீட்டுக்குப் போயிருந்தது. பெரியவர்களுக்கான மாஸ்க்கைத் தலைகீழாகத் திருப்பி வைத்துச் சமாளித்தோம். மாரடைப்பு வந்தவரை நிதானமாக மீட்கும் மருத்துவர், அன்று மருந்தின் அளவைச் சொல்ல இரண்டு முறை தயங்கினார். எடை என்ன என்று அவர் கேட்டபோது ஆளுக்கொரு எண்ணைச் சொன்னோம். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அலமாரியை உடைத்த அந்தச் சில நிமிடங்களுக்கு யார் பொறுப்பு என்று மறுநாள் கேட்டபோது, ஒருவர் பெயரும் வரவில்லை. அப்படி ஒரு பொறுப்பே இல்லாமல்தான் நாங்கள் அத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்.

குழந்தைகள் குறைவாக வரும் இடத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்று உங்கள் நிர்வாகம் கேட்கும். அமெரிக்காவிலேயே அவசர சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் செல்வது பொது மருத்துவமனைகளுக்குத்தான். அங்கே 2013இல் நாடு தழுவிய அளவில் அவசரப் பிரிவுகளின் தயார்நிலையை 100க்கு மதிப்பிட்டபோது, நடுமதிப்பெண் 69ஐ ஒட்டியே நின்றது. அந்த மதிப்பெண்களை வைத்து 426 மருத்துவமனைகளை நான்கு அடுக்காகப் பிரித்து, 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. கடும் நோயுற்ற குழந்தைகளில், கடைசி அடுக்கு மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் 11.1 சதவீதம் பேர் இறந்தார்கள். முதல் அடுக்கில் 3.4 சதவீதம். நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. நிர்வாகத்திடம் பேசப் போகும்போது இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

பணக்கார நாடுகளின் கதை இது என்று யாராவது சொன்னால், மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரைக் காட்டுங்கள். அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையில், வரும் குழந்தைகளை வரிசையில் காக்க வைக்காமல், வாசலிலேயே பார்த்து 'உடனடி, முன்னுரிமை, காத்திருக்கலாம்' என்று பிரிக்கும் முறையைக் கொண்டுவந்து, சிகிச்சையையும் அதற்கேற்ப மாற்றி அமைத்தார்கள். உள்நோயாளிக் குழந்தைகளில் 10 முதல் 18 சதவீதம் வரை இருந்த இறப்பு, 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் பயிற்றுவிப்பதும் இதே மூவகைப் பிரிப்பைத்தான்.

ஆளை நியமிப்பது என்றேன். முடிந்தால் ஒரு செவிலியரும் ஒரு மருத்துவரும். இயலாவிட்டால் செவிலியர் மட்டும். முழுநேரப் பணியாக இருக்க வேண்டியதில்லை. அவசரக் கருவிகளும் மருந்துகளும் வைக்கும் தள்ளுவண்டியில் எந்த அளவு மாஸ்க் குறைகிறது, எந்த மருந்து காலாவதியாகிறது, புதிதாக வந்தவர்களில் யாருக்குப் பயிற்சி இல்லை என்பதெல்லாம் அவருடைய கவலையாக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் பிரிவுகள் அந்த அமெரிக்கக் கணக்கெடுப்பிலும் அதிக மதிப்பெண் பெற்றன.

அடுத்தது எடை. என் அனுபவத்தில் குழந்தைகள் விஷயத்தில் ஆபத்தான தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. பெரியவருக்கு ஒரு ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) என்றால் ஒரு ஆம்பூல்தான். குழந்தைக்கு ஒவ்வொரு மருந்தும் கிலோவால் பெருக்கிய கணக்கு. இதயம் நின்ற குழந்தைக்கு அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 10,000இல் ஒரு பங்கு கரைசலானால் கிலோவுக்கு 0.1 மில்லி. ஆறு கிலோக் குழந்தைக்கு 0.6 மில்லி. நடுங்கும் கையும் கூச்சலும் சேர்ந்த அறையில் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு தவறு. அதனால் எடை பார்க்கும் கருவி கிலோவை மட்டும் காட்டட்டும். பவுண்டு காட்டும் வசதி இருந்தால் அதை முடக்கிவிடுங்கள், ஒரு கிலோ என்பது 2.2 பவுண்டு, அலகு மாறினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். படுத்த நிலையில் எடை பார்க்க முடியாத குழந்தைக்கு, உயரத்தை அளந்து எடையைக் கணிக்கும் புரோஸ்லோ போன்ற அளவு நாடா உதவும். ஒவ்வொரு கிலோவுக்கும் மருந்தின் அளவை மில்லியிலேயே முன்கூட்டிக் கணக்கிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் யாரும் மனக்கணக்குப் போடக் கூடாது.

பிறகு கண்ணைப் பழக்குங்கள். குழந்தையைத் தொடுவதற்கு முன்பே மூன்றைப் பார்க்கலாம்: பார்வையிலும் அசைவிலும் துடிப்பு இருக்கிறதா, மூச்சுக்கு எவ்வளவு பாடுபடுகிறது, தோல் வெளிறியோ திட்டுத் திட்டாகவோ இருக்கிறதா. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள்; குழந்தைகளுக்கு அது கடைசியில்தான் சரியும், அதற்கு முன்பே நாடித்துடிப்பு ஓட்டமெடுத்திருக்கும். அலறி அழும் குழந்தையைவிட, ஊசி குத்தும்போதும் அழாத குழந்தையைக் கண்டுதான் நான் பயப்படுவேன். மயங்கியோ வலிப்புடனோ வரும் எந்தக் குழந்தைக்கும் சர்க்கரை அளவை உடனே பாருங்கள்.

குழந்தைகளின் இதயம் பெரும்பாலும் மூச்சு தடைப்பட்ட பிறகே நிற்கிறது. ஆகவே மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திப் பையை அழுத்தி மூச்சு கொடுக்க உங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கைக்குழந்தையின் பின்தலை பெரிது, தோளுக்கடியில் மடித்த துணி ஒன்று வைத்தால் மூச்சுப் பாதை நேராகும். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சிகிச்சை அளித்த 830 குழந்தைகளை வைத்து லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த, 2000இல் வெளியான ஆய்வில், தொண்டைக்குள் குழாய் செலுத்தியது பை, மாஸ்க்கைவிட அதிக உயிரைக் காக்கவில்லை. ஊசி போட இரத்தக் குழாய் கிடைக்காமல் நேரம் போனால் எலும்புக்குள் ஊசி செலுத்துவதையும் பழகி வையுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்காலின் முன்பக்கத்து எலும்பில்.

கருவிகளுக்கு இப்போது வரலாம். பூட்டில்லாத ஒரு வண்டி, எடைவாரியாகப் பிரித்த இழுப்பறைகள், அவ்வளவே. இன்னொன்று, பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டுமானால் யாரை அழைப்பது, வழியில் யார் உடன் செல்வது என்பதை அந்த மருத்துவமனையுடன் முன்பே பேசி எழுதி வையுங்கள். குழந்தை நிலைபெறட்டும் என்று காத்திராமல் சீக்கிரமே அழைத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இரவு ஷிஃப்டில், சொல்லாமல், ஒரு பொம்மையை வைத்துப் பத்து நிமிடம். யாரையும் குறை சொல்லக் கூடாது. எந்த இழுப்பறையைத் தேடினோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் சக செவிலி ஒருத்தி தாயாக நடித்தாள். "என் பிள்ளை மூச்சு விடுகிறதா?" என்று மூன்று முறை கேட்டாள். பொம்மையைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது எங்கள் பணிப் பட்டியலில் மூச்சுப் பைக்கு ஒருவர், மருந்துக்கு ஒருவர் என்று எழுதும்போதே, தாயின் அருகில் நிற்பதற்கும் ஒரு பெயர் எழுதுகிறோம்.